‘கை’யின் மூல ஸ்லாவியச் சொல்: மீட்டெடுத்து வேற்றுமை ஏற்றுவது எப்படி?

மூல ஸ்லாவியம் என்பது ரஷ்யன், செக், போலிஷ் போன்றவற்றுக்கெல்லாம் தாயான, எழுதப்படாத மொழி. முதலில் ‘கை’க்கான சொற்களைத் திரட்டுங்கள். ரஷ்யனிலும் செக்கிலும் ருக்கா, போலிஷில் ரெங்க்கா, நெருங்கிய உறவான லித்துவேனியனில் ரங்க்கா. இதற்குக் கணினி அட்டவணையைவிடக் கட்டம் போட்ட நோட்டுதான் என் தேர்வு. அடித்துத் திருத்திய தடமெல்லாம் கண்முன்னே இருக்கும்.

போலிஷும் லித்துவேனியனும் மூக்கொலியைக் காட்டுகின்றன. 9ஆம் நூற்றாண்டில் எழுத்தேறிய பழைய சர்ச் ஸ்லாவிய மொழியிலோ அதற்குத் தனி எழுத்தே உண்டு. ஆகவே மூலத்திலும் மூக்கொலிதான். போலிஷில் எகரம் இருக்கிறதே என்று அதையே எழுதிவிடாதீர்கள். ஆதியில் எகரமாக இருந்திருந்தால் போலிஷில் முன்னால் உள்ள ‘ர்’ திரிந்திருக்கும், இங்கே திரியவில்லை. சரி, ஒகரம்: *ரொங்க்கா. நட்சத்திரக் குறி, ‘எழுத்துச் சான்று இல்லை, மீட்டெடுத்த வடிவம்’ என்பதற்காக.

அடுத்து ஒருமை வேற்றுமைகள், நம் வரிசையிலேயே: ரொங்க்கா, ரொங்க்கொங், ரொங்க்கொயொங், நான்காவது ரொங்த்சே, ஆறாவது ரொங்க்கு (குற்றியலுகரம்போல), ஏழாவது மறுபடி ரொங்த்சே, விளி ரொங்க்கொ. ஐந்தாவது தனியாகக் கிடையாது. ஆறாவதே அதையும் சுமக்கிறது.

நான் பல நாள் சிக்கிக்கொண்டது நான்காவதில்தான். ரஷ்யனில் ‘ருக்கே’ என்றிருப்பதைப் பார்த்து ககரத்தையே வைத்திருந்தேன். ஆனால் உக்ரைனியனில் ருத்சி, செக்கில் ருத்சே, போலிஷில் ரெந்த்சே! அந்த ஏகாரம் பழைய ‘ஐ’யிலிருந்து வந்தது, அதன் முன் ககரம் ‘த்ஸ்’ ஆகிவிட்டது. கன்னடத்தில் ‘கிவி’ என்றே நிற்கும் சொல் தமிழில் ககரம் திரிந்து ‘செவி’ ஆனதை நினைத்துக்கொண்டால் பிடிபடும். பழைய ரஷ்யனிலும் ‘த்ஸ்’தான் இருந்தது, பிற வேற்றுமைகளைப் பார்த்துப் பின்னாளில் ககரம் திரும்பியது. 1951 முதல் ரஷ்ய நகரமான நோவ்கோரதில் தோண்டியெடுத்துவரும் மரப்பட்டைக் கடிதங்கள் சுவையானவை. அந்த வட்டார வழக்கில் ககரம் ‘த்ஸ்’ ஆகும் மாற்றம் நடக்கவே இல்லை. அதனால் ரஷ்யனை மட்டும் வைத்து இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பின்சேர்க்கை: போலிஷில் ‘கைகள்’ என்பதற்கும் ‘ரெந்த்சே’ வருகிறதே, மூல ஸ்லாவியப் பன்மை ‘ரொங்க்கு’தானே என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. பன்மை அதேதான். ஆனால் மூல ஸ்லாவியத்தில் சமஸ்கிருதம்போல இருமை எண்ணும் உண்டு: ‘இரு கைகள்’ என்றால் ரொங்த்சே. கைகள் இரண்டு என்பதால் அந்த வடிவமே போலிஷிலும் செக்கிலும் பன்மையாக நிலைத்துவிட்டது. காலும் இரண்டுதான், ஆனாலும் போலிஷ் ‘நோகா’ சாதாரணப் பன்மையான ‘நோகி’யையே எடுத்துக்கொண்டது. நோட்டில் இருமைக்கென்று ஒரு பத்தி ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.