அங்கோரில் சிறுவர்கள் பொருள் விற்க வந்தால் என்ன செய்வது?

கம்போடியாவின் சியாம் ரீப் நகருக்குச் சென்று அங்கோர் கோயில்களைச் சுற்றிப் பார்ப்பவர்கள், டுக்டுக் எனப்படும் ஆட்டோ வண்டியிலிருந்து இறங்கியதுமே அஞ்சலட்டைக் கட்டுகளையும் மூங்கில் வளையல்களையும் ஏந்திய சிறுவர் சிறுமியரை எதிர்கொள்ள நேரலாம். பத்து அட்டை ஒரு டாலர் என்று சொல்லி, அவற்றை ஒவ்வொன்றாக விரித்து ஆங்கிலத்தில் எண்ணிக் காட்டுவார்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, அந்நாட்டின் தலைநகரையும் தயங்காமல் சொல்வார்கள். இத்தனை சூட்டிகையான பிள்ளையிடம் ஒரு டாலர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று மனம் இளகுவது இயல்புதான். ஆயினும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

வயதில் சிறிய பிள்ளைக்கே பயணிகள் அதிகம் இரங்குகிறார்கள் என்பதால், வீட்டில் எல்லோரையும்விடச் சிறிய பிள்ளையே வெயிலில் அனுப்பப்படுகிறது. அதே பிள்ளை பதினான்கு, பதினைந்து வயதை எட்டும்போது முன்போல் யாரும் வாங்குவதில்லை. அதற்குள் படிப்பும் விட்டுப்போயிருந்தால் கையில் வேறு தொழிலும் இருக்காது. கம்போடியாவின் 1997ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என வரையறுத்துள்ளது. அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையத்தின் பார்வையாளர் நடத்தை விதிகளும், சிறுவர்களிடம் பொருள் வாங்குவதும் அவர்களுக்குப் பணமோ இனிப்போ கொடுப்பதும் பள்ளியை விட்டு விலகவே தூண்டும் என்று எச்சரிக்கின்றன. அங்குள்ள பள்ளிகள் பல காலை, மாலை என இரு வேளைகளாக நடப்பதால், "எனக்கு மாலையில்தான் பள்ளி" என்று பிள்ளை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் பாடம் படிக்கவும் விளையாடவும் வேண்டிய பொழுது கோயில் வாசலில்தான் கழிகிறது.

மறுக்கும் முறையில் கவனம் வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாம் தப்பிப்பதற்காகச் சொல்லும் அந்தச் சொல்லைப் பிள்ளை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டு, நாம் வெளியே வரும்வரை காத்திருந்து, முகத்தையும் மறக்காமல் ஓடிவந்து கேட்கும். முதலிலேயே நின்று, கண்ணைப் பார்த்து, "தே, ஒர்குன்" என்று கெமெர் மொழியில் சொல்லுங்கள். வேண்டாம், நன்றி என்று பொருள். பேரம் பேசிப் பார்ப்பதும், காணாததுபோல் நடப்பதும், பரிதாபமான முகத்தைப் படம் பிடிப்பதும் கூடாது. பிள்ளை பேச விரும்பினால் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

இரவில் கடைவீதியில் கைக்குழந்தையோடு வந்து, பணம் வேண்டாம், பால்மாவு டின் மட்டும் வாங்கித் தாருங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த டின் பல வேளைகளில் அதே கடைக்குத் திரும்பிப் போய்ப் பணமாக மாறுகிறது. குழந்தையோ நள்ளிரவுவரை தெருவில் விழித்திருக்கிறது.

வாங்க மறுப்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் அன்றைய வருமானம் குறைவதுதான் மிச்சம். எனவே செலவிட நினைத்த தொகையை ஒதுக்கிவைத்து, அதைப் பெரியவர்களின் கைக்குப் போகச் செய்யுங்கள். அஞ்சலட்டையே வேண்டுமானால் பெரியவர்கள் நடத்தும் கடைகளில் வாங்கலாம். பந்தியாய் ஸ்ரேய் கோயிலுக்குப் போகும் வழியில் பிரே டாக் என்ற ஊரில் சாலையோரமாகப் பெண்கள் பனஞ்சாற்றைப் பெரிய வாணலியில் காய்ச்சி, இறுகிய வெல்லத்தை ஓலையில் பொதிந்து விற்கிறார்கள். கருப்பட்டி அறிந்த நமக்கு அந்த மணமே போதும், வண்டியை நிறுத்தச் சொல்ல. இளைஞர்களுக்குக் கைத்தொழில் பயிற்சி அளித்து வேலையும் தரும் ஆர்ட்டிசான்ஸ் அங்கோர் பட்டறையில் பட்டும் கல்சிற்பமும் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் கைவினைஞரின் கூலி அதில் அடக்கம்.

அனாதை இல்லத்தைப் பார்க்க அழைத்துப்போகிறேன் என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். அத்தகைய இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். பார்வையாளர் பணம்தான் அவர்களை அங்கே வைத்திருக்கிறது. நன்கொடை கொடுக்க எண்ணினால், 1994 முதல் கம்போடியாவில் தெருச் சிறார்களுக்காகப் பணியாற்றும் பிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புக்குக் கொடுங்கள். சிறார் பாதுகாப்புக்காக அவர்கள் நடத்தும் சைல்டுசேஃப் இயக்கத்தில் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள் உண்டு. பிள்ளை ஆபத்தில் இருப்பதாகப் பட்டால், நீங்களே தலையிடாமல் அவர்களிடமோ தங்கும் விடுதியிலோ உடனே தெரிவியுங்கள்.