ஒரே ஜோடிக் கம்பியில் போன், டேட்டா, இணைய அழைப்பு: வீட்டு வயரிங்கைப் பிரித்துக் கட்டும் முறை

டெலிபோன் லைன் என்பது ஒரு ஜோடி செம்புக் கம்பி, அவ்வளவுதான். அதில் என்னென்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுப்பது நல்லது. ரிசீவர் கீழே இருக்கும்போது கம்பியில் சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். எடுத்ததும் அது 6 முதல் 12 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மணி அடிக்கும்போது 20 அல்லது 25 ஹெர்ட்ஸில் 70 முதல் 90 வோல்ட் ஏசி வரும். விரல் பட்டால் நன்றாகவே உறைக்கும். பேச்சு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் இடத்தில்தான் ஏடிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பி வழியாக வரும் வேக இணையம், ஓடுகிறது: ஏறக்குறைய 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை அப்லோட், 138 முதல் 1,104 வரை டவுன்லோட். ஏடிஎஸ்எல்2+ மேல் எல்லையை 2,208 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளியது. வீட்டுக்குள் கணினிகளை இணைக்க வந்த ஹோம்பிஎன்ஏ 2.0 இன்னும் உயரே, 4 முதல் 10 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது.

இந்தப் பங்கீடு ஒரே நாளில் வந்ததல்ல. டெலிபோன் கம்பியில் பேச்சையும் டேட்டாவையும் சேர்த்து அனுப்புவதற்கு ரைகெர்ட் குழுவினர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 4,785,448, 1988ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீட்டு வயரிங்கிலேயே தாழ் அலைவரிசையை போனுக்கும் உயர் அலைவரிசையை டேட்டாவுக்கும் ஃபில்டரால் பிரிக்கலாம் என்ற டிக்டரின் காப்புரிமை 5,896,443, 1999இல் வந்தது. இடையில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. 1996இல் ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வெளியிட்ட வி.70 தரம், மோடத்தின் பிட்டுகளையே பங்குபோட்டது: பேச்சை 8 கிலோபிட்டுக்குச் சுருக்கி, மிச்சத்தை டேட்டாவுக்குக் கொடுத்தது. இரண்டு முனையிலும் அதே வகை மோடம் வேண்டும், எதிர்முனையில் இருப்பவரோடு மட்டுமே பேச முடியும். இணைய சேவை மோடத்தோடு இணைந்திருக்கும்போது மூன்றாம் ஆளை அழைக்க வழியில்லை. அது நிலைக்காமல் போனதில் வியப்பில்லை. அலைவரிசைப் பங்கீடு நிலைத்ததற்குக் காரணம், பழைய போனுக்கு எதுவும் தெரியவேண்டிய அவசியமே இல்லாததுதான்.

கீழே சொல்லும் வேலை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இந்தக் கம்பியில் வோல்ட்டேஜ் எங்கிருந்து வருகிறது, உயர் அலைவரிசை எது வரை போகவேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் ஒயரைச் செருகினால்தான் சிக்கல் தொடங்குகிறது.

தேவையானவை

மல்டிமீட்டர் ஒன்று. மூன்று முனை உள்ள ஏடிஎஸ்எல் ஸ்பிளிட்டர் ஒன்று, அதாவது லைனைப் போனுக்கும் மோடத்துக்கும் பிரித்துத் தரும் பெட்டி. மோடம், ரவுட்டர். ஒரு ஏடிஏ, அதாவது இணைய அழைப்பைச் சாதாரண போனுக்கு மாற்றித் தரும் அடாப்டர். ஆர்ஜே11 பிளக், அதற்கான கிரிம்பர், முறுக்கிய ஜோடி கேபிள் சில மீட்டர். நீளமான தட்டை டெலிபோன் ஒயரை மோடத்துக்குப் போடாதீர்கள். அதன் கம்பிகள் முறுக்கப்படாததால் பக்கத்து மின்னொயரின் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும்.

லைன் நுழையும் இடம்

வெளியிலிருந்து வரும் ஜோடி வீட்டுக்குள் முதலில் தொடும் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். அங்கே மின்னல் தடுப்பானும் எர்த்தும் இருக்கும். அதைக் கழற்றவோ தாண்டிப் போகவோ கூடாது. உங்கள் வேலை அதற்கு அடுத்த முனையிலிருந்து தொடங்குகிறது. இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்தால் 48 ஒட்டி ஏதோ ஓர் எண் வரவேண்டும். அங்கிருந்து வீட்டுக்குள் எத்தனை ஒயர் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். பல வீடுகளில் நான்கைந்து ஒயர்களை ஒரே இடத்தில் முறுக்கி வைத்திருப்பார்கள். போனுக்கு இது போதும். ஏடிஎஸ்எல்லுக்கு ஒவ்வொரு பயன்படாத கிளையும் ஒரு தொல்லை. திறந்த முனையோடு தொங்கும் கிளைக்குள் போன அலை, முனையில் மோதித் திரும்பி வந்து மூல அலையை அழிக்கும். கேபிளில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். கால் அலைநீளக் கணக்கில் 50 மீட்டர் கிளை 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் தோண்டும், 25 மீட்டர் கிளை 2 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். இரண்டுமே டவுன்லோட் பகுதி. 10 மீட்டர் கிளையின் பள்ளம் 5 மெகாஹெர்ட்ஸில் விழுவதால் ஏடிஎஸ்எல்லுக்குப் பாதிப்பு குறைவு, ஆனால் ஹோம்பிஎன்ஏவுக்கு அது நடு வயிற்றில் குத்து.

ஸ்பிளிட்டரா, மைக்ரோஃபில்டரா?

ஒவ்வொரு போனுக்கும் ஒரு மைக்ரோஃபில்டர் (உயர் அலைவரிசையைத் தடுக்கும் சிறு ஃபில்டர்) செருகுவது சுலபம். ஆனால் மூன்று நான்கைத் தாண்டினால் அவற்றின் கெப்பாசிட்டர்கள் எல்லாம் பக்கவாட்டில் சேர்ந்து லைனை இழுக்கத் தொடங்கும். கிளைப் பிரச்சினையும் அப்படியே இருக்கும். 1999இல் வந்த ஜி.லைட் தரம், வேகத்தை 1.5 மெகாபிட்டுக்குக் குறைத்து, ஸ்பிளிட்டரே வேண்டாம் என்றது. நடைமுறையில் அங்கேயும் பல போன்களுக்கு ஃபில்டர் தேவைப்பட்டது. நுழைவிடத்தில் ஒரே ஸ்பிளிட்டர் வைப்பதுதான் சரியான வேலை.

வெளி ஜோடியை ‘லைன்’ முனைக்குக் கொடுங்கள். ‘மோடம்’ முனையிலிருந்து ஒரே ஒரு முறுக்கிய ஜோடி நேராக மோடத்துக்குப் போகட்டும், வழியில் கிளை எதுவும் இல்லாமல். வீட்டின் மற்ற ஒயர்கள் எல்லாம் ‘போன்’ முனைக்கு. இப்போது கிளைகள் எல்லாம் தாழ் அலைவரிசை ஃபில்டருக்குப் பின்னால் போய்விட்டதால் அவை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஏடிஎஸ்எல்லைத் தொடாது. மோடத்தின் பாதையில் தப்பித்தவறி ஒரு மைக்ரோஃபில்டர் மாட்டிக்கொண்டால் சிங்க் (எக்ஸ்சேஞ்சோடு மோடத்தின் இணைப்பு) கிடைக்கவே கிடைக்காது, கிடைத்தாலும் நிற்காது. ஃபில்டரின் வேலையே அதைத் தடுப்பதுதான்.

வீட்டில் திருட்டு அலாரம் பெட்டி இருந்தால் அது வழக்கமாக லைனைத் தன் வழியாகத் திருப்பி, தேவைப்படும்போது மற்ற போன்களைத் துண்டிக்கும்படி இணைக்கப்பட்டிருக்கும். ஸ்பிளிட்டர் அதற்கு முன்னால் வரவேண்டும். பின்னால் வைத்தால் அலாரம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மோடம் விழும்.

முடித்ததும் மோடத்தின் பக்கத்தைத் திறந்து எஸ்என்ஆர் மார்ஜினை, அதாவது இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சமிருக்கும் இடைவெளியை, பாருங்கள். 6 டெசிபெல் சாதாரணம். அதற்குக் கீழே அடிக்கடி இறங்கினால் இணைப்பு அறுபடும். பிறகு ஒரு போனை எடுத்து வையுங்கள், வேறு லைனிலிருந்து அழைத்து மணி அடிக்கவிடுங்கள். அந்த நேரத்தில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கை தாவினால் எங்கோ ஃபில்டர் இல்லாத போன் ஒன்று இருக்கிறது, அல்லது ஒரு மூட்டு துருப்பிடித்திருக்கிறது. மணியின் 80 வோல்ட் துருப்பிடித்த மூட்டைச் சுலபமாகக் காட்டிக்கொடுக்கும்.

இணைய அழைப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும்

1995இல் வோக்கல்டெக் நிறுவனம் ‘இன்டர்நெட் போன்’ மென்பொருளை வெளியிட்டபோது பேச்சு கணினியின் மைக்கிலும் ஸ்பீக்கரிலும் முடிந்துவிட்டது. சுவரில் இருக்கும் போனுக்கு அது வந்துசேர ஏடிஏ தேவைப்பட்டது. ஏடிஏவை ரவுட்டரில் செருகுவது சுலபம். அப்லோட் கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஜி.711 கோடெக் (பேச்சை டேட்டாவாக மாற்றும் முறை) வினாடிக்கு 64 கிலோபிட் என்று எழுதியிருப்பார்கள். 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்றால் பேச்சு 160 பைட், அதன் மேல் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். ஏடிஎஸ்எல் இதை ஏடிஎம் செல்கள் எனும் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது; ஒரு செல்லில் 48 பைட் சரக்கு, 5 பைட் தலைப்பு. பிபிபிஓஇ என்ற இணைப்பு முறையில் எல்லாத் தலைப்புகளும் சேர்ந்து 240 பைட், அதாவது துல்லியமாக 5 செல். ஒரு செல் 53 பைட், வினாடிக்கு 50 பாக்கெட்: 106 கிலோபிட். 256 கிலோபிட் அப்லோடில் இரண்டு அழைப்புக்கு மேல் போனால் லைன் மூச்சுத்திணறும்.

ஜி.729 என்ற கோடெக் வெறும் 8 கிலோபிட்டாயிற்றே என்று அதற்கு மாறினால்? பாக்கெட் 60 பைட்; பிபிபிஓஇ தலைப்புகளோடு 100 பைட்; 3 செல்; 63.6 கிலோபிட். இணைப்பு முறையை, உங்கள் சேவை அனுமதித்தால், தலைப்புகள் குறைவான விசி-மக்ஸ் பிபிபிஓஏ என்று மாற்றினால் அதே பேச்சு 70 பைட்டாகி 2 செல்லில் அடங்கும்: 42.4 கிலோபிட். கோடெக்கை மாற்றாமல் ஒரு அமைப்பை மாற்றியதற்கே மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஜி.711க்கு இந்த மாற்றத்தால் பலன் இல்லை, அப்போதும் 5 செல்தான்.

அடுத்தது வரிசை. 1,500 பைட் பாக்கெட் ஒன்று 256 கிலோபிட் அப்லோடில் வெளியேற சுமார் 47 மில்லிவினாடி ஆகும், செல் தலைப்புகளைச் சேர்க்காமலே. பேச்சு பாக்கெட் அதற்குப் பின்னால் காத்திருக்கும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருக்கவேண்டும் என்பது ஐடியுவின் ஜி.114 பரிந்துரை, நான்கு பெரிய பாக்கெட் வரிசையில் நின்றாலே அது காலி. ஆகவே ரவுட்டரில் பேச்சு பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுங்கள். அதோடு அப்லோட் வேக வரம்பை, மோடம் காட்டும் சிங்க் வேகத்தில் 80 முதல் 85 விழுக்காடாகப் போடுங்கள். சிங்க் வேகத்தையே வரம்பாகக் கொடுத்தால், செல் தலைப்புகளே ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் தின்றுவிடுவதால் வரிசை ரவுட்டரில் நிற்காமல் மோடத்தில் தேங்கும். மோடத்துக்கு எது பேச்சு, எது ஃபைல் என்று தெரியாது.

ஏடிஏவிலிருந்து வீடு முழுவதும்

எல்லா அறைகளிலும் இருக்கும் பழைய ஜாக்குகளில் இணைய அழைப்பு மணி அடிக்கவேண்டும் என்றால் ஏடிஏவின் போன் முனையை வீட்டு வயரிங்கில் கொடுக்கவேண்டும். இங்கே கவனம் முழுமையாக வேண்டும். ஏடிஏ தானே டிசியும் மணியும் கொடுக்கும் கருவி. வெளி லைனின் 48 வோல்ட்டும் மணியும் அதற்குள் ஏறினால் கருவி எரிந்துபோகும்.

ஸ்பிளிட்டரின் ‘போன்’ முனையில் இருக்கும் வீட்டு ஒயர்கள் அனைத்தையும் கழற்றுங்கள். துண்டித்த வீட்டு ஜோடியில் மீட்டரை வையுங்கள். 0 வோல்ட் காட்டவேண்டும். 1 வோல்ட் இருந்தாலும் நிறுத்தி, இன்னொரு வழி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெட்டிக்குள் ‘இங்கே வெளி லைனை இணைக்கக்கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். பின்னாளில் பழுதுபார்க்க வரும் ஆள் நல்லெண்ணத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார்.

மோடமும் ஏடிஏவும் பெட்டியிலிருந்து தூரத்து அறையில் இருந்தால்? பெரும்பாலான வீட்டு ஒயரில் நான்கு கம்பி உண்டு, பயன்படுவது நடுவில் இருக்கும் இரண்டுதான். அந்த அறைக்குப் போகும் ஒயரில் ஓர ஜோடியை, அதாவது ஆர்ஜே11 பிளக்கின் ஓரக் கம்பிகள் இரண்டையும், ஸ்பிளிட்டரின் ‘மோடம்’ முனையில் சேருங்கள். நடு ஜோடி வழியாக ஏடிஏவின் வெளியீடு திரும்பிவந்து மற்ற அறைகளுக்குப் பிரியட்டும். அறையில் இரண்டு ஜோடியையும் தனித்தனி ஜாக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

எத்தனை போன் தாங்கும் என்பது ஆர்இஎன் எண்ணை, அதாவது மணி அடிக்க ஒரு போன் எடுக்கும் சுமையின் அளவை, பொறுத்தது. ஒவ்வொரு போனின் அடியிலும் அது எழுதியிருக்கும். கூட்டுத்தொகை ஏடிஏவின் அளவைத் தாண்டக்கூடாது. பல அடாப்டர்களுக்கு அது 3 முதல் 5. பழைய மெக்கானிக்கல் மணி போன் ஒன்றே 1 எடுக்கும். தாண்டினால் மணி முனகும், அல்லது அடிக்காது, அல்லது அடித்த உடனே அழைப்பு எடுக்கப்பட்டதாக ஏடிஏ நினைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஜாக்கும் டேட்டாவும் போனும் தரும் அவுட்லெட்டாகவே இருக்கட்டும் என்ற யோசனையும் உண்டு. பைண்டரின் அமெரிக்கக் காப்புரிமை 6,549,616 (2003) அந்த வகை. விற்பனைக்கு வந்த பொருளில் அதற்கு அருகில் வந்தது ஹோம்பிஎன்ஏ. அடாப்டரை எந்த ஜாக்கில் செருகினாலும் 2.0 தரம் 10 மெகாபிட் வரை தரும், புது ஒயர் வேண்டாம், ஹப் வேண்டாம். ஏடிஎஸ்எல்லோடும் ஏடிஏவின் மணியோடும் ஒரே கம்பியில் சண்டையில்லாமல் இருக்கும். ஏடிஎஸ்எல்லைவிட வேகமான விடிஎஸ்எல்2 லைனோடு அப்படி இல்லை, அதன் 17ஏ வகை 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுவதால் இரண்டும் மோதும். ஹோம்பிஎன்ஏ அடாப்டருக்கு முன்னால் பழைய மைக்ரோஃபில்டரை மறந்து விட்டிருந்தால் அதுவும் வேலை செய்யாது.

சரியாக வராதபோது

ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் ரவுட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜியை (இணைய அழைப்பின் பாக்கெட்டுகளை இடையில் திருத்தும் அமைப்பு) அணையுங்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை அதுதான். எதிரொலி கேட்டால் இரு கம்பி போனுக்கும் ஏடிஏவுக்குள் இருக்கும் நான்கு கம்பிச் சுற்றுக்கும் இடையிலான இம்பீடன்ஸ் (ஏசிக்கான தடை) பொருந்தவில்லை: ஏடிஏவில் 600 ஓம் என்பதை உங்கள் நாட்டு போனுக்குரிய அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். வங்கி மெனுவில் எண் அழுத்தினால் இரண்டு தடவை பதிந்தால், டோனைப் பேச்சோடு அனுப்பாமல் தனி பாக்கெட்டாக அனுப்பும் ஆர்எஃப்சி 2833 முறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபேக்ஸ் ஜி.729 வழியாகப் போகவே போகாது, ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 அல்லது ஜி.711 வேண்டும். சுழல்டயல் போனில் அழைக்க முடியவில்லையா? பல ஏடிஏக்களுக்கு அது அனுப்பும் பல்ஸ் (கம்பியை விட்டு விட்டுத் துண்டித்து எண்ணைச் சொல்லும் முறை) புரியாது, அழைப்பு மட்டும் வரும்.

மின்சாரம் போனால் பழைய லைன் தன் 48 வோல்ட்டில் பேசும், ஏடிஏ பேசாது. அவசர அழைப்புக்காக மோடம், ரவுட்டர், ஏடிஏ மூன்றையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் போடுங்கள். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் மற்ற இரண்டும் வீண். யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு பெரிய ஃபைலை அப்லோட் செய்ய விட்டுவிட்டு, கடைசி அறையின் போனிலிருந்து ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். குரல் உடையாமல், சிஆர்சி எண் நகராமல் இருந்தால் பெட்டியின் மூடியைப் போடலாம்.