கொரெல்லியின் ‘லா ஃபோலியா’: எண்களைப் பார்த்து கன்டினுவோ வாசிக்கலாம் வாங்க

வயலினும் கன்டினுவோவும் (பாஸ் வரியோடு கார்டுகளையும் சேர்த்து வாசிக்கும் துணைப் பகுதி) சேர்ந்த பரோக் கால (17-18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய) சொனாட்டாவின் நோட்டுத் தாளை முதல்முறை பார்க்கும்போது, கீபோர்டுக்காரரின் வலது கைக்கு எதுவுமே எழுதவில்லையே என்று தோன்றும். மேல் வரியில் வயலின், கீழ் வரியில் பாஸ் என்னும் தாழ்ந்த ஸ்வரங்கள், பாஸை ஒட்டி அங்கங்கே சில எண்கள். அவ்வளவுதான். புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டார்கள், கோலத்தை நாம்தான் இழுக்க வேண்டும்.

பழக நல்ல இடம், இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி 1700இல் ரோமில் வெளியிட்ட 12 சொனாட்டாக்களில் கடைசியான ‘லா ஃபோலியா’. ‘ஃபோலியா’ அவர் காலத்துக்கு முன்பே ஐரோப்பாவில் புழங்கிய மெட்டு. பாஸ் நிதானமாக நகரும், விரல் தடுமாறாது. இங்கே அதன் அடிப்படை வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: இடது கை. ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு ஸ்வரம், மூன்று எண்ணிக்கை. மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில்: டி, ஏ, டி, சி, எஃப், சி, டி, ஏ. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் அளவுக்குப் பழகுங்கள்.

படி 2: எண்கள். பாஸ் ஸ்வரத்தை ஒன்று என வைத்து மேலே எண்ண வேண்டும். எண் இல்லையென்றால் மூன்றாவதும் ஐந்தாவதும் சேரும். 6 என்றிருந்தால் மூன்றாவதும் ஆறாவதும். சி-க்கு 6 போட்டிருந்தால் இ, ஏ. வெறும் ஷார்ப் குறி மட்டும் இருந்தால் மூன்றாவதை அரை ஸ்வரம் உயர்த்துங்கள். நம் வரிசையில் ஏ வரும் இடங்களில் சி ஷார்ப் வருவது இதனால்தான்.

படி 3: வலது கை. ஒவ்வொரு பாருக்கும் மூன்று ஸ்வரங்கள் சேர்ந்த ஒரு கார்டு: ஏ-டி-எஃப், ஏ-சி ஷார்ப்-இ, மறுபடி ஏ-டி-எஃப். இதுவரை விரல்கள் கொஞ்சம்தான் நகர்ந்தன. அடுத்து பாஸ் டி-யிலிருந்து சி-க்கு இறங்குகிறது. கூடவே வலது கையையும் ஜி-சி-இ என்று இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள்! எல்லாக் குரல்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஓசை வெறுமையாகிவிடும், வயலினுக்குத் தாங்கல் இருக்காது. பாஸ் இறங்கும்போது நீங்கள் ஏறுங்கள்: சி-இ-ஜி. பிறகு சி-எஃப்-ஏ, சி-இ-ஜி. இப்போது பாஸ் டி-க்கு ஏறும், நீங்கள் ஏ-டி-எஃப்-க்கு இறங்குங்கள். கடைசியில் ஏ-சி ஷார்ப்-இ. இந்த ஒரு இடத்தில் மட்டும் அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும். இரண்டு கைகளும் எதிரெதிரே நகர்வதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இந்த எட்டு பார்களும் முதல் பாதி. இரண்டாம் பாதியும் இதேதான். ஏழாவது பாரில் மட்டும் டி, ஏ இரண்டையும் வாசித்து, எட்டாவதில் டி-யில் முடியுங்கள்.

படி 4: உயிர். ஹார்ப்சிகார்டில் (தந்திகளை மீட்டி ஒலிக்கும் பழைய கீபோர்டு வாத்தியம்) விரலை அழுத்துவதால் ஓசை பெரிதாகாது. அழுத்தம் வேண்டிய இடத்தில் கார்டைக் கீழிருந்து மேலாக உதிர்த்து வாசிப்பார்கள். ஃபோலியாவில் அந்த அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது எண்ணிக்கையில் விழும். கீபோர்டில் ஹார்ப்சிகார்டு ஓசையை வைத்து முயலுங்கள்.

சரி, இனி ஓர் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்கலாம். பரோக் குழுக்கள் பல ஏ-வை 440க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைப்பதால், உங்கள் கீபோர்டு அரை ஸ்வரம் கூடுதலாகக் கேட்கும். கீபோர்டின் டிரான்ஸ்போஸை (சுருதி மாற்றும் அமைப்பை) மைனஸ் 1 ஆக்குங்கள். அப்புறம் வயலின் தொடங்கட்டும், நீங்கள் டி-யில் காத்திருங்கள்.