முதலில் பன்னிரண்டு பாத்தி, கட்டடம் பிறகு

இயற்கை வேளாண் மையம் தொடங்குகிறவர்கள் பயிற்சிக் கூடம், தங்கும் அறை, முகப்பு வளைவு என்று முதல் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். பயிற்சிக்கு வரும் விவசாயி கேட்பதோ ஒரே கேள்வி: "எவ்வளவு விளைஞ்சது?" எடை போட்டுப் பதில் சொல்ல 10 சென்ட் நிலம் போதும்.

ஒரு பருவத்துக்கு ஒரு கேள்விதான். சம்பா நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை வளர்த்து மண்ணுக்குள் மடக்கினால் விளைச்சல் கூடுமா என்பதையே எடுத்துக்கொள்வோம். முறைகள் மூன்று: எதுவும் இடாதது, தக்கைப்பூண்டு, தொழுவுரம். ஒன்றும் இடாத பாத்தி வீண் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் எதோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு முறைக்கும் நான்கு பாத்தி, ஆக 12. பாத்தி அளவு 5 மீட்டருக்கு 4 மீட்டர்.

தலைமடை மண்ணும் கடைமடை மண்ணும் ஒன்றல்ல. ஆகவே தலைமடையிலிருந்து கடைமடை வரை நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று பாத்தி. எந்தப் பாத்திக்கு எந்த முறை என்பதை ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். கண்ணால் பார்த்து ஒதுக்கினால், நமக்குப் பிடித்த முறைக்கு நல்ல மண் தானாகப் போய்ச் சேரும்.

பெரும்பாலான சோதனைகள் கெடுவது வரப்பில்தான். தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் பாய்ந்தால் சத்தும் கூடவே போகும். பாத்திக்குத் தனி மடை வையுங்கள். நடுவில் இரட்டை வரப்பு போட்டு, இடையே 30 செ.மீ. வடிகால் விடுங்கள். டிராக்டர் வேண்டாம், மண்ணை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பாத்தியில் சேர்த்துவிடும். மண்வெட்டியால் கொத்தி மிதியுங்கள். எதுவும் இடாத பாத்திக்கும் அதே கொத்து, அதே மிதி.

தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ என்ற கணக்கில் பாத்திக்கு 100 கிராம். 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்குங்கள்; பிந்தினால் தண்டில் நார் ஏறி மட்க நாளாகும். தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன், அதாவது பாத்திக்கு 25 கிலோ. மடக்கிய ஒரு வாரம் கழித்து, ஒரே நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்றை 12 பாத்தியிலும் ஒரே நாளில் 25 செ.மீ. சதுரத்தில் நடுங்கள்.

ஓரத்துக் குத்துகளுக்கு வெயிலும் காற்றும் கூடுதல். அவற்றையும் சேர்த்து நிறுத்தால் விளைச்சல் பொய்யாக ஏறும். சுற்றிலும் இரண்டு வரிசை, அதாவது அரை மீட்டர் விட்டு உள்ளே அறுத்தால் 12 சதுர மீட்டர். அடித்து, பதர் தூற்றி, நிறுத்து, ஈரப்பதம் பாருங்கள். ஈர நெல்லின் எடையை அப்படியே எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, எடையால் பெருக்கி, 86-ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்கான எடை. 20 சதவீத ஈரத்தில் 6 கிலோ என்றால் உண்மையில் 5.58 கிலோ. ஒரு ஏக்கர் இந்த 12 சதுர மீட்டரைப் போல் சுமார் 337 மடங்கு; எடையை 337-ஆல் பெருக்கினால் ஏக்கருக்குச் சுமார் 1,880 கிலோ.

நிறுப்பவருக்குப் பாத்தி எண் மட்டும் தெரிந்தால் போதும். முறை தெரிய வேண்டாம். கூலி ஆள் கணக்கையும் தைத்த நோட்டில் எழுதுங்கள். விளைச்சல் சமமாகி கூலி இரட்டிப்பானால் அதையும் விவசாயியிடம் சொல்லத்தான் வேண்டும்.

1974-இல் புதுச்சேரியில் தொடங்கிய நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையத்தின் வழியே செய்து கற்பதுதான். அறுவடைக்கு முன் விவசாயிகளைப் பாத்திகளுக்குள் நடக்கவிட்டு, எது கூடுதலாக விளையும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் கண்முன்னே நிறுத்துக் காட்டுங்கள். நல்ல பாத்தியை மட்டும் காட்டும் பழக்கம் வேண்டாம், நான்கையும் காட்டுங்கள்.

ஒரு பருவத்து எடையை வைத்து முடிவு கட்டாதீர்கள். மண்ணின் கரிமச் சத்து மெல்லத்தான் ஏறும். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் கோதுமை வயல் 1843 முதலும், கோவையில் நிலையான உரச் சோதனை 1909 முதலும் நடப்பது அதனால்தான். மையம் வளரும்போது புதுக் கட்டடமும் வண்டிப் பாதையும் முதலில் கண் வைப்பது இந்தச் சமமான 10 சென்ட் மீதுதான். நான்கு மூலையிலும் கல் நட்டு, கிணற்றுச் சுவரிலிருந்து தூரம் அளந்து வரைபடத்தில் குறித்து வையுங்கள். மரக்கன்று நடும் விழாவையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள். பத்து வருடத்தில் பாத்தியில் நிழல் விழும்.