ஃபேன்டஸி ஃபுட்பால்: 10-ஆம் சுற்றுக்குப் பிறகு யாரை எடுப்பது?

இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்காவின் என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக்; நம்ம ஊர்க் கால்பந்து அல்ல. ஐபிஎல் ஃபேன்டஸி ஆடிப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே ஒரே கோலியை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மாற்றி ஒருவர் வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் லீக்கில் ஒரு வீரர் ஒரே ஒருவருக்குத்தான். 12 பேர் ஆடும் லீக்கில் 15 சுற்று முடிந்தால் 180 வீரர்கள் போயிருப்பார்கள். 10-ஆம் சுற்று 109-ஆவது தேர்வில் தொடங்கும். அப்போது திரையில் மிஞ்சியிருப்பவர்களில் பாதிப் பேரைப் புதியவர்களுக்குத் தெரியாது. எங்கோ கேள்விப்பட்ட பெயரை அழுத்தக் கை பரபரக்கும். சறுக்குவது அங்கேதான்.

வாரத்துக்கு ஏழெட்டுப் புள்ளி எடுக்கும் மூத்த வீரர்கள் சீசன் முழுக்க வேவரில் (யாரிடமும் இல்லாத வீரர்களை வாராவாரம் எடுக்கும் இடம்) சும்மா கிடைப்பார்கள். அவர்களுக்காக ஒரு தேர்வைச் செலவழிக்க வேண்டாம். கடைசிச் சுற்று வீரர் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஏதோ ஒன்று கூடிவந்தால் இவர் என் முதல் அணியில் வாராவாரம் நிற்பாரா? அது கூடிவருமா வராதா என்பது மூன்று வாரத்துக்குள் தெரிந்துவிடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுக்கலாம்.

படி 1: இடங்களை எண்ணுங்கள்

15 சுற்று லீக்கில் வழக்கமாக 1 குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), 2 ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்), 2 வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), 1 டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்), 1 ஃப்ளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் வைக்கலாம்), 1 கிக்கர் (பந்தை உதைப்பவர்), 1 டிஃபென்ஸ் (ஒரு அணியின் தடுப்பாட்டம் முழுவதும்), 6 பெஞ்ச். கிக்கருக்கும் டிஃபென்ஸுக்கும் 14, 15-ஆம் சுற்றுகளை ஒதுக்கிவிட்டால், 10 முதல் 13 வரை நான்கு தேர்வுதான் கையில். இந்த நான்குக்காக முன்கூட்டியே 20, 25 பெயர் எழுதி, செயலியின் க்யூவில் ஏற்றி வையுங்கள். தேர்வு நேரம் ஒன்று, ஒன்றரை நிமிடம்தான் இருக்கும். அப்போது உட்கார்ந்து ஆராய முடியாது.

புள்ளி முறையையும் பாருங்கள். பிபிஆர் லீக்கில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் 1 புள்ளி, அரை பிபிஆரில் 0.5. பந்தைப் பிடிக்கத் தெரிந்த மாற்று ரன்னிங் பேக்கின் மதிப்பு இதை வைத்தே ஏறி இறங்கும்.

படி 2: ரன்னிங் பேக் – நான்கில் இரண்டு இங்கே

அதிகம் காயப்படும் இடம் இது. அணியின் முதல் ரன்னிங் பேக் காயத்தில் விழுந்தால் அவருடைய வேலை முழுவதும் அடுத்த ஆளுக்கு ஒரே நாளில் வந்துவிடும். அந்த அடுத்த ஆளுக்கு ஹேண்ட்கஃப் என்று பெயர். 2024-இல் பெரும்பாலான லீக்குகளில் முதல் தேர்வாகப் போனவர் சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. முதல் வாரமே அவர் களமிறங்கவில்லை. அவர் இடத்தில் ஜோர்டன் மேசன் 28 முறை பந்தை ஏந்தி 147 யார்டும் ஒரு டச்டவுனும் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது) எடுத்தார். 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6 என்றால் ஓட்டத்திலேயே 20.7.

அதே கதையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மெக்காஃப்ரிக்கு அடுத்த ஆள் என்று அந்தக் கோடையில் பலர் எண்ணியது எலைஜா மிட்செலை. ஆகஸ்ட் இறுதியில் அவரே காயப் பட்டியலுக்குப் போனார். ஜூலையில் எழுதிய பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும். அணிகள் ஆட்களை 53-ஆகக் குறைக்கும் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குப் பிறகு பட்டியலை ஒருமுறை திருத்துங்கள். 2020-இல் ஜாக்சன்வில் அணி ஆகஸ்ட் 31 அன்று தன் முதல் ரன்னிங் பேக் லெனார்ட் ஃபோர்நெட்டை விடுவித்தது. எந்த என்எஃப்எல் அணியும் தன் டிராஃப்டில் எடுக்காத ஜேம்ஸ் ராபின்சன் அந்த இடத்துக்கு வந்து 1,070 யார்டு ஓடினார்.

முதல் ஆளுக்குப் பின்னால் ஒரே ஒருவர் தெளிவாக நிற்கும் அணியையே தேர்ந்தெடுங்கள். மூன்று பேர் பங்கு போடும் அணியில் ஒருவர் விழுந்தாலும் மீதி இருவர் பிரித்துக்கொள்வார்கள். உங்களுக்குக் கிடைப்பது அரை வேலை. அடுத்து, டச்டவுன் அடிக்கும் அணியா என்று பாருங்கள்.

சொந்த வீரரின் மாற்றாளைத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தொடக்கத்தில் அது அவ்வளவு லாபமில்லை. உங்கள் முதல் ஆள் விழுந்து மாற்றாள் வந்தால், இழந்ததில் ஒரு பங்கு திரும்புகிறது, அவ்வளவே. அடுத்தவருடைய மாற்றாள் உங்களிடம் இருந்தால், உங்கள் அணி குறையாமல் ஒரு ஆள் கூடுகிறார். காயம் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் மூன்று வாரக் கெடு இவர்களுக்கு மட்டும் பொருந்தாது. ஆகவே இந்த ரகத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

படி 3: வைட் ரிசீவர் – இளையவர்கள்

முதல், இரண்டாம் ஆண்டு வீரர்களைப் பாருங்கள். முப்பதைத் தாண்டியவர் என்ன தருவார் என்பது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. 2023-இல் புகா நகுவா என்எஃப்எல் டிராஃப்டில் (நிஜ அணிகள் புதிய வீரர்களை எடுப்பது) ஐந்தாம் சுற்றில், 177-ஆவதாகப் போனவர். அணியின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப் தொடைத்தசைக் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் இல்லை. நகுவா முதல் ஆட்டத்தில் 10 பந்து பிடித்து 119 யார்டு. சீசன் முடிவில் 105 பந்து, 1,486 யார்டு, இரண்டுமே அப்போது அறிமுக வீரருக்கான சாதனை.

முன்சீசன் ஆட்டங்களில் புள்ளிவிவரம் ஏமாற்றும். மூன்றாம் நிலைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக 90 யார்டு எடுத்தவரைவிட, முதல் குவார்ட்டர்பேக்கோடு இரண்டு டிரைவ் (அணியிடம் பந்து தொடர்ந்து இருக்கும் ஒரு வாய்ப்பு) மட்டும் ஆடிவிட்டு உட்கார வைக்கப்பட்டவர் மேல். பயிற்சியாளர் அவரை முதல் அணி ஆளாக நினைக்கிறார் என்று பொருள்.

படி 4: குவார்ட்டர்பேக்கைத் தள்ளிப்போட்டிருந்தால்

ஓடுகிறவரை எடுங்கள். எறிந்த 25 யார்டுக்கு 1 புள்ளி, ஓடிய 10 யார்டுக்கே 1 புள்ளி. 2019-இல் பல லீக்குகளில் தாமதமாகப் போன லாமர் ஜாக்சன் 15 ஆட்டங்களில் 1,206 யார்டு ஓடினார். ஆட்டத்துக்கு 8 புள்ளி, அதாவது இரண்டு டச்டவுன் எறிந்ததற்குச் சமம் (எறிந்த டச்டவுனுக்கு வழக்கமாக 4 புள்ளி), பந்தை எறியும் முன்பே. ஏற்கெனவே நல்லவர் இருந்தால் இரண்டாவது குவார்ட்டர்பேக் வீண். முதல் ஆளின் அணிக்கு ஆட்டம் இல்லாத ஒரு வாரத்துக்கு மட்டும் தேவைப்படுவார், அதற்கு வேவர் போதும்.

படி 5: டிஃபென்ஸ், கிக்கர்

கடைசி இரண்டு சுற்று. டிஃபென்ஸில் அணியின் புகழைப் பார்க்காமல் முதல் வாரம் யாரோடு மோதுகிறது என்று பாருங்கள். தடுமாறும் குவார்ட்டர்பேக்குக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் ஆடும் அணி போதும். பிறகு வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம். லீக் விதி அனுமதித்தால், சீசனுக்கு ஒரு வாரம் முன்பு நடக்கும் டிராஃப்டில் கிக்கரை எடுக்காமல் இன்னொரு ரன்னிங் பேக்கை எடுத்து, இடைப்பட்ட நாட்களில் யாருக்குக் காயம் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

டிராஃப்ட் அறையில்

செயலி காட்டும் ஏடிபி (ஒரு வீரர் சராசரியாக எத்தனையாவது தேர்வாகப் போகிறார்) வரிசை முதல் ஆறேழு சுற்றுக்கு உதவும். 120-ஐத் தாண்டினால் 130-க்கும் 155-க்கும் வித்தியாசம் சொற்பம். உங்கள் பட்டியலில் இருப்பவரை முன்னாலேயே எடுக்கத் தயங்காதீர்கள். பை வாரங்கள் (அணிக்கு ஆட்டம் இல்லாத ஓய்வு வாரம்) வழக்கமாக 5-ஆம் வாரத்துக்கு முன் தொடங்காது, அதுவரை இவர் உங்களோடு இருப்பாரா என்பதே சந்தேகம். கடைசிச் சுற்றுகளில் அதைப் பார்க்க வேண்டாம்.

லீக்கில் ஐஆர் இடம் (காயப்பட்டவருக்கான தனி இடம், பெஞ்சில் சேராது) இருந்தால் காயப் பட்டியலில் இருக்கும் நல்ல வீரர் ஒருவரை 13-ஆம் சுற்றில் எடுத்து, டிராஃப்ட் முடிந்ததும் அங்கே நகர்த்தி, காலியான பெஞ்சில் இன்னொருவரைச் சேர்க்கலாம். ‘சந்தேகம்’ என்ற நிலையில் இருப்பவரைச் செயலி அங்கே ஏற்காது. ஐஆர் இடம் இல்லாத லீக்கில் இதைச் செய்தால், குறைந்தது நான்கு ஆட்டங்களுக்கு ஒரு பெஞ்ச் முடங்கிவிடும்.

முதல் மூன்று வாரமும் டச்டவுனை விட்டுவிட்டு ஸ்னாப் சதவீதத்தையும் (அணியின் ஆட்ட நகர்வுகளில் எத்தனையில் அவர் களத்தில் இருந்தார்) டார்கெட்டையும் (அவரை நோக்கி எறிந்த பந்துகள்) பாருங்கள். ஒரே நீண்ட பந்தைப் பிடித்து 14 புள்ளி எடுத்தவர் அடுத்த வாரம் 2 எடுப்பார். புள்ளி குறைவாக இருந்தும் முக்கால்வாசி ஸ்னாப் ஆடி 7, 8 டார்கெட் வாங்கும் இளைஞரை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்திலும் பாதி ஸ்னாப்பைத் தாண்டாத ரிசீவரை அந்த வார வேவர் முடிவதற்குள் விட்டுவிடுங்கள்.