எலக்ட்ரான் போனால் ஏன் பிளஸ்? அயனியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

திருத்துறைப்பூண்டியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் புத்தகத்தோடு வந்தான். "மாமா, சோடியம் ஒரு எலக்ட்ரானை இழக்குதுன்னு போட்டிருக்கு. இழந்தா மைனஸ்தானே? ஏன் பிளஸ்?"

நியாயமான கேள்வி. எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்சுமை பெற்ற அணுவைத்தான் அயனி என்கிறோம். அந்த வயதில் நானும் மனப்பாடம் செய்துதான் தப்பித்தேன். ஒரு தாள், ஒரு பேனா, அடுப்படியிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் உப்பு என்றால் இன்னும் சந்தோஷம்.

படி 1: அணு எண்ணை எழுதுங்கள்

சோடியம் 11, குளோரின் 17. அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை இது. புரோட்டானுக்கு பிளஸ் சுமை, எலக்ட்ரானுக்கு மைனஸ் சுமை. தனி அணுவில் எலக்ட்ரானும் அதே அளவு இருப்பதால் மொத்த மின்சுமை பூஜ்யம். இனி என்ன நடந்தாலும் புரோட்டான் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். 11 என்பது 12 ஆனால் அது சோடியமே இல்லை, மெக்னீசியம்.

படி 2: கூடுகளை நிரப்புங்கள்

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகள்தான் கூடுகள். தலைமடை நிறைந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் போகிற மாதிரிதான். முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8. முதல் 20 தனிமங்களுக்கு மூன்றாவதிலும் 8 என்றே வைத்துக்கொள்ளலாம். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7.

படி 3: கடைசிக் கூட்டைப் பாருங்கள்

அதில் 1, 2, 3 எலக்ட்ரான் வைத்திருக்கும் உலோகங்கள் அவற்றை இழக்கும். 6, 7 வைத்திருப்பவை வாங்கி 8 ஆக்கிக்கொள்ளும். சோடியத்தின் ஒற்றை எலக்ட்ரான் போனால் 2, 8. அது குளோரினுக்கு வந்தால் 2, 8, 8.

சோடியம் எலக்ட்ரானை மனமுவந்து தானம் செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அதைப் பிடுங்க ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். குளோரின் அதை வாங்கும்போது வெளிவருவது 349 தான். அந்த வரவு செலவை மட்டும் பார்த்தால் நஷ்டம். பிறகு பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று இழுத்து வரிசையாக அடுக்கிப் படிகமாகும்போது கிடைக்கிற ஆற்றல்தான் கணக்கை நேர்செய்து, மிச்சமும் வைக்கிறது.

படி 4: கழித்துப் பாருங்கள்

புரோட்டானிலிருந்து எலக்ட்ரானைக் கழியுங்கள். சோடியம்: 11 − 10 = +1. குளோரின்: 17 − 18 = −1.

மருமகனுக்கு இப்படிச் சொன்னேன்: எலக்ட்ரான் என்பது சொத்து இல்லை, கடன். சொசைட்டியில் வாங்கிய கடன் கழிந்தால் கையிருப்பு கூடும், புதிதாகக் கடன் ஏறினால் குறையும். "ஓ, அவ்வளவுதானா" என்றான்.

படி 5: எழுதும் முறை

குறியீட்டின் வலது மேல் மூலையில் சுமையைப் போடுங்கள். ஒன்று என்றால் வெறும் பிளஸ் அல்லது மைனஸ் போதும். இரண்டு என்றால் எண் முதலில், அப்புறம் அடையாளம். மெக்னீசியம் 2, 8, 2 என்பதால் 2+. ஆக்சிஜன் 2, 6 என்பதால் 2−. பிளஸ் உள்ளது நேர்மின் அயனி, மைனஸ் உள்ளது எதிர்மின் அயனி. கால்சியத்தை நீங்களே போடுங்கள். அணு எண் 20.

படி 6: கண்ணால் பாருங்கள்

9 வோல்ட் பேட்டரி, சின்ன எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர் மூன்றையும் வரிசையாக இணைத்து, இரண்டு ஒயர் முனைகளை டிஸ்டில்டு வாட்டரில் விடுங்கள். எரியாது. சர்க்கரை கலந்தாலும் எரியாது. கல்லுப்பைக் கலக்கினால் எரியும். கடலோர ஊர்களில் உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் என்றால் எதையும் கலக்காமலே எரிந்துவிடும்! ஒயர் முனையில் குமிழி வரும், குளோரின் வாடையும் வரலாம். அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து, சீக்கிரம் முடித்துவிடுங்கள். வீட்டு கரண்டில் இதைச் செய்யவே கூடாது.

இங்கே பலர் தடுமாறுவார்கள். தண்ணீர் அயனிகளை உருவாக்கவில்லை. கல்லுப்புக்குள்ளும் அவை அயனிகள்தான், நகர முடியாமல் அடைபட்டுக் கிடந்தன. கரைந்ததும் நடமாடுகின்றன. அயனி என்ற பெயரே கிரேக்கத்தில் 'போவது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 1834-ல் மைக்கேல் ஃபாரடே அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உப்பளத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர்: வெயிலில் தண்ணீர் ஆவியாக, கடலில் ஏற்கனவே இருந்த அயனிகள் மறுபடி கூடிப் படிகமாகின்றன.

படி 7: வயலுக்கு வாருங்கள்

சில பம்புசெட்டுகளில் தண்ணீர் தெளிவாக விழுந்து, தொட்டியில் கொஞ்ச நேரம் நின்றதும் செம்மஞ்சளாகும். இரும்பின் வேலை. தண்ணீர் கட்டிய நெல்வயலிலும் இதே கதைதான். மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் தங்கள் எலக்ட்ரானை 3+ இரும்பிடம் தள்ளிவிடும். அது 2+ ஆகித் தண்ணீரில் கரையும். காற்று பட்டதும் அந்த எலக்ட்ரானை இழந்து மறுபடி 3+ ஆகித் துருவாகப் படியும். நெல் வேர்கள் ஆக்சிஜனைக் கசியவிடுவதால்தான் வேரைச் சுற்றியும் துரு நிறம்.

கடைசிக் கூட்டில் 8 என்ற விதிக்கு இரும்பு கட்டுப்படாது, அதனால் படி 2, படி 3 இரண்டும் இங்கே உதவாது. கழித்தல் மட்டும் உதவும். அணு எண் 26. இரண்டு அயனிகளிலும் எத்தனை எலக்ட்ரான் என்று கேட்டேன். தொட்டி விளிம்பிலேயே விரலால் எழுதினான்: 24, 23.