காவல் நிலையத்துக்கு வராத திருட்டை எண்ணுவது எப்படி?

மதுரை செல்லூரில் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். "யார் ஸ்டேஷனுக்கு அலைவது?" என்று விட்டுவிடுகிறார்கள். மனு கொடுத்தாலும், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோனால் அது எஃப்.ஐ.ஆர். (வழக்குப் பதிவு) கணக்கில் ஏறாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்காவில் 1970களிலிருந்தும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1982 முதலும் மக்களையே நேரடியாகக் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்தால் ஒரு வார்டில் சிறிய அளவில் செய்துவிடலாம்.

முதலில் தெருவாரியாக வீட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு, பத்துக்கு ஒரு வீடு எடுங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவக்கூடாது; மாலையில் மறுபடி போங்கள். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடுதான் திருடனுக்கு வசதி. அதை விட்டால் கணக்கே சாய்ந்துவிடும்.

அடுத்தது கேள்வி. எல்லாமே இதில்தான் இருக்கிறது. "குற்றம் ஏதும் நடந்ததா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி" என்றுதான் பதில் வரும். பொருள் பொருளாகக் கேளுங்கள்: வண்டி? வண்டியிலிருந்து பெட்ரோல்? பஸ்ஸில் செல்போன்? கழுத்துச் சங்கிலி? மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் என்றால் ஆடு, கோழி? "அட, கிடாய் ஒன்று போனதே!" என்று அப்போதுதான் நினைவு வரும்.

காலத்தையும் கட்டிப்போட வேண்டும். "ஓராண்டுக்குள்" என்றால் மூன்று ஆண்டுக்கு முந்தைய திருட்டும் உள்ளே நுழைந்துவிடும். "இந்த முறை அழகர் ஆற்றில் இறங்கியதற்குப் பிறகா, முன்பா?" என்று கேளுங்கள். மதுரையில் இதைவிடத் தெளிவான எல்லைக்கல் கிடையாது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் கடந்த ஆறு மாதத்தை மட்டுமே கேட்பதும் இந்த நினைவுக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

வீட்டுப் பொருளுக்கு ஒருவர் பதில் சொன்னால் போதும். சங்கிலி பறிப்பு, அடிதடி போன்றவற்றை அவரவரிடமே கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றி மருமகளிடம் கேட்கவே கேட்காதீர்கள், அவருக்குத்தான் ஆபத்து. படிவத்தில் பெயரும் வேண்டாம்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் எப்போது, எங்கே, என்ன மதிப்பு, புகார் கொடுத்தார்களா, இல்லையென்றால் ஏன் என்று குறியுங்கள். அந்த 'ஏன்' எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் கிடைக்காது.

கணக்கு எளிது. 200 வீடுகளில் 12 வீடுகள் பறிகொடுத்திருந்தால் பாதிப்பு 6 சதவீதம். சில வீடுகளில் இரண்டு முறை போய், மொத்தச் சம்பவம் 15 என்றால் ஆயிரம் வீட்டுக்கு 75. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஆனால் வார்டு முழுவதையும் கேட்காமல் 200 வீட்டில் மட்டும் கேட்டுக் கிடைத்த அந்த 6 சதவீதம், உண்மையில் 3 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். பக்கத்து வார்டில் 8 வந்தது என்பதற்காக அங்கே திருட்டு அதிகம் என்று எழுதிவிடாதீர்கள்.